அறிவியல் அகாடமி என்றால் பதக்கம் கொடுக்கும் மன்றம்தானா?

கேள்வி இதுதான்: "தேசிய அறிவியல் அகாடமிகள் உண்மையில் என்ன செய்கின்றன? ஏற்கெனவே பேர் எடுத்த மூத்தவர்கள் ஒருவருக்கொருவர் பதக்கம் கொடுத்துக்கொள்ளும் இடமாகத்தான் வெளியிலிருந்து தெரிகிறது. ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?" கேட்டவர் முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார்.

பயன் உண்டு. ஆனால் பதக்கத்தை வைத்து அதை அளந்தால் பெரும்பகுதி கண்ணில் படாது. அகாடமி ஓர் ஆய்வாளருக்குத் தரக்கூடிய பெரிய உதவி, அவர் பேர் எடுப்பதற்கு முன்னால் தருவதுதான். அவர் எழுதியதைப் பாரபட்சம் இல்லாமல் படிப்பது, வேலை செய்ய நேரம் வாங்கித் தருவது, கண்டுபிடித்த தேதியைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அதில் சேரும். பதக்கம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அகாடமிகளின் வரலாற்றில் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்த இடங்களும் உண்டு, மோசமாகத் தவறிய இடங்களும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் பணத்தைப் பற்றி. அரசின் நிதி வழங்கும் அமைப்பு வேறு, அகாடமி வேறு. ஆய்வு மானியத்தின் பெரும்பங்கு பல நாடுகளில் அரசு அமைப்புகளிடமிருந்தே வருகிறது. அகாடமியின் சொந்தப் பணம் எப்போதுமே குறைவு. பிரிட்டனின் அறிவியல் அகாடமியான லண்டன் ராயல் சொசைட்டி 1686இல் மீன்களைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்தை அச்சிட்டுக் கையிருப்பைக் காலி செய்தது. அடுத்த ஆண்டு நியூட்டனின் பிரின்சிப்பியாவை அச்சிடக் காசு இல்லை. சொசைட்டியில் எழுத்தராக இருந்த வானியலாளர் எட்மண்ட் ஹாலி தன் கைப்பணத்தைப் போட்டு அதை வெளியிட்டார். அந்த ஹாலிக்குச் சொசைட்டி கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கும் பணம் இல்லாமல், விற்காமல் கிடந்த மீன் புத்தகப் பிரதிகளைக் கொடுத்தார்கள். இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. ராயல் சொசைட்டி இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் நல்கைகளில் பெரும்பகுதி அரசுப் பணம். அதை யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பது சொசைட்டியின் வேலை. சீன அறிவியல் அகாடமி மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்களைத் தானே நடத்தும் அகாடமிகளும் இருக்கின்றன. அவை தனி வகை. இங்கே நான் பேசுவது பெரும்பாலும் உறுப்பினர் சங்கமாக இயங்கும் முதல் வகையைப் பற்றி.

சரி, பணம் இல்லாத அகாடமி ஆராய்ச்சியை எப்படி ஊக்குவித்தது? பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இதற்குப் பாரிஸ் அகாடமி பயன்படுத்திய வழி பரிசுக் கேள்வி. ஒரு சிக்கலான கேள்வியை அறிவித்து, பதில் எழுதக் காலக்கெடு கொடுப்பார்கள். எழுதுகிறவர் பெயர் போடக்கூடாது. கட்டுரையின் தலைப்பில் ஒரு பொன்மொழி மட்டும் இருக்கும். அதே பொன்மொழி எழுதிய மூடிய உறைக்குள் பெயர் இருக்கும். பரிசு முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். கணித அறிஞர் ஆய்லர் இப்படிப் பன்னிரண்டு முறை பாரிஸ் பரிசை வாங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஃபிரெனெல். பாலம், சாலை போடும் பொறியாளர். ஒளியைப் பற்றிய ஆய்வு அவருக்கு வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நடந்தது. ஒளியின் விளிம்பு விலகலை, அதாவது தடையின் ஓரத்தில் ஒளி வளைவதை, விளக்கும்படி அகாடமி போட்டி அறிவித்தபோது, நடுவர் குழுவின் ஐந்து பேரில் மூன்று பேர் லாப்லாஸ், பியோ, புவாசோன். மூவருமே ஒளி துகள்களால் ஆனது என்ற பக்கம். ஃபிரெனெலின் கட்டுரையோ ஒளி அலை என்றது. புவாசோன் அதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு விபரீத முடிவைக் கண்டுபிடித்தார்: இந்தக் கோட்பாடு சரியென்றால் ஒரு வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவில் வெளிச்சப் புள்ளி ஒன்று தெரிய வேண்டும். நிழலின் நடுவில் வெளிச்சமா? கோட்பாட்டைக் கவிழ்க்க இதுவே போதும் என்று அவர் நினைத்தார். குழுவில் இருந்த அராகோ போய்ச் சோதனை செய்து பார்த்தார். புள்ளி இருந்தது. 1819இல் பரிசு ஃபிரெனெலுக்குப் போனது.

இதில் பரிசுத் தொகையைவிடப் பெரிய விஷயம், எதிர்க் கருத்து உள்ள அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கணித மூளைகள் ஒரு சாலைப் பொறியாளரின் கட்டுரையை வரி வரியாகப் படித்தார்கள் என்பது. அவ்வளவு கவனமாகப் படித்ததால்தான் ஃபிரெனெலே காணாத முடிவு ஒன்று புவாசோன் கண்ணில் பட்டது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நம் கட்டுரையை நம்மைவிட ஆழமாக ஒருவர் படித்துவிட்டு, "இது தப்பு என்று காட்டுகிறேன் பார்" என்று உட்காருவது அபூர்வமாகத்தான் நடக்கும்.

பெயரை மறைத்துப் படிப்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. 1888இல் அதே அகாடமியின் போர்தேன் பரிசுக்குச் சுழலும் திடப்பொருளின் இயக்கம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மேலே இருந்த பொன்மொழி: "தெரிந்ததைச் சொல், செய்ய வேண்டியதைச் செய், வருவது வரட்டும்." நடுவர்களுக்குக் கட்டுரை அவ்வளவு பிடித்துப்போய்ப் பரிசை 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக உயர்த்தினார்கள். உறையைப் பிரித்தால் சோஃபியா கோவலெவ்ஸ்கயா. சுமார் 22 ஆண்டுகள் கழித்து, 1911 ஜனவரியில், மேரி கியூரி அதே அகாடமியின் உறுப்பினர் தேர்தலில் நின்றார். அங்கே உறை கிடையாது. பெயர் எல்லோருக்கும் தெரியும். மிகச் சில ஓட்டு வித்தியாசத்தில் எதுவார் பிரான்லியிடம் தோற்றார். அதே ஆண்டின் இறுதியில் வேதியியல் நோபல் வாங்கினார். அது அவருக்கு இரண்டாவது நோபல். அந்த அகாடமி ஒரு பெண்ணை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க 1979 வரை ஆனது. லண்டனில் 1945இல் இருவரைச் சேர்த்தார்கள், படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேலும் உயிர்வேதியியல் அறிஞர் மார்ஜரி ஸ்டீஃபன்சனும். பாரிஸில் நடந்ததைப் பாருங்கள்: ஒரே நிறுவனம், ஒரே மாதிரியான ஆட்கள். கட்டுரையைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னபோது ஒரு முடிவு, ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னபோது வேறொரு முடிவு. அகாடமிகளின் தேர்வு முறையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

படிக்காமல் விட்ட கதைகளும் இருக்கின்றன. ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் 1845இல் பம்பாயிலிருந்து ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். வாயுக்களின் வெப்பநிலையும் அழுத்தமும் அவற்றின் மூலக்கூறுகளின் இயக்கத்தால் வருவது என்று அதில் விளக்கியிருந்தார். இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் அதை வெறும் உளறல், சொசைட்டியில் வாசிக்கக்கூடத் தகுதியற்றது என்று எழுதிவிட்டார். அன்றைய விதிப்படி கட்டுரை சொசைட்டியின் ஆவணக் காப்பகத்துக்குச் சொந்தம், திருப்பித் தரமாட்டார்கள். வாட்டர்ஸ்டனிடம் படியும் இல்லை. 1891இல் இயற்பியலாளர் ரேலி பிரபு காப்பகத்தில் அதைக் கண்டெடுத்து அடுத்த ஆண்டு வெளியிட்டார். அதற்குள் மேக்ஸ்வெல் முதலானவர்கள் அதே பாதையில் வெகுதூரம் போய்விட்டார்கள். வாட்டர்ஸ்டன் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இது பணத்தால் வந்த தவறு இல்லை. தூரத்திலிருந்து, தெரியாத ஆள் அனுப்பியதைப் பொறுமையாகப் படிக்க ஒருவர் இல்லாததால் வந்தது.

ஆவணக் காப்பகம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அகாடமிகளின் மிகப் பழைய சேவை, யார் எதை எப்போது கண்டுபிடித்தார் என்பதைப் பதிவு செய்வது. ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ் இதழைத் தொடங்கினார். கண்டுபிடித்ததை யாராவது திருடிவிடுவார்களோ என்று ரகசியக் குறியீட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அப்போது இருந்தது. தேதியோடு அச்சில் வந்தால் அது உன்னுடையது என்ற உறுதி வந்த பிறகு, வெளியில் சொல்ல மனசு வந்தது. பாரிஸில் இன்னொரு ஏற்பாடு உண்டு: முடிவாகாத யோசனையை மூடி முத்திரையிட்ட உறையில் அகாடமியிடம் ஒப்படைத்து வைக்கலாம்.

வொல்ஃப்காங் டெப்ளின் என்ற 24 வயதுக் கணித அறிஞர் 1940 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்துகொண்டே நிகழ்தகவு பற்றி எழுதிய குறிப்பேட்டை அப்படி ஒப்படைத்தார். சில மாதங்களில் ஜெர்மன் படை நெருங்கியபோது, அவர்கள் கையில் சிக்குவதைவிடச் சாவது மேல் என்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த உறையை 2000ஆம் ஆண்டில் திறந்தார்கள். உள்ளே இருந்தவற்றில் சில, பிற்பாடு ஜப்பானியக் கணித அறிஞர் கியோஷி இத்தோவின் பேரால் உலகம் அறிந்த கணிதத்துக்கு மிக அருகில் இருந்தன. அறுபது வருஷம், ஒரு போர், எத்தனையோ ஆட்சி மாற்றங்களைத் தாண்டி ஓர் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்திருக்கிறது. முகம் தெரியாத ஓர் இளைஞனின் வேலையைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. எந்தப் பதக்கத்தையும்விட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

அப்புறம் நேரம். 1914இல் பிரஷ்ய அகாடமி ஐன்ஸ்டைனை பெர்லினுக்கு வரவழைத்தபோது ஆண்டுக்கு 12,000 மார்க் சம்பளம், பாடம் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஏற்பாடு. அடுத்த ஆண்டு நவம்பரில் தொடர்ந்து நான்கு வியாழக்கிழமைகளில் அதே அகாடமியின் கூட்டத்துக்குக் கட்டுரைகள் கொடுத்தார். வாரத்துக்கு வாரம் முந்தையதைத் திருத்திக்கொண்டே போய், நவம்பர் 25இல் பொதுச் சார்பியலின் சமன்பாடுகள் முடிவான வடிவத்துக்கு வந்தன. வகுப்பும் விடைத்தாளும் நிர்வாகக் கூட்டமுமாக இருந்திருந்தால் அந்த நவம்பர் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அதே வேலையைச் செய்வது இளம் ஆய்வாளர் நல்கைகள். ராயல் சொசைட்டி 1983இல் தொடங்கிய பல்கலைக்கழக ஆய்வு ஃபெல்லோஷிப், நிரந்தர வேலை கிடைக்காத வயதில் இருப்பவருக்குப் பல ஆண்டுகள் சம்பளம் தந்து, சொந்தக் கேள்வியைத் துரத்த விடுகிறது. ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் தாளான கிராஃபீனுக்காக 2010இல் நோபல் பெற்றபோது கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் அந்த ஃபெல்லோஷிப்பில்தான் இருந்தார்.

பதக்கத்துக்கு வருகிறேன். ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1731 முதல் தரப்படுகிறது. முதலில் வாங்கியவர் மின்கடத்தலை ஆராய்ந்த ஸ்டீஃபன் கிரே. அவர் பரம்பரைச் சாயத் தொழிலாளி. ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமி 1901 முதல் இயற்பியல், வேதியியல் நோபல் பரிசுகளைத் தேர்ந்தெடுக்கிறது. (மருத்துவப் பரிசை முடிவு செய்வது கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உள்ள வேறு அவை. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.) பரிந்துரைகளை அழைப்பின் பேரில்தான் அனுப்ப முடியும், 50 ஆண்டுகளுக்கு அவை ரகசியம். இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் அடிப்படைத் துகள்கள் பற்றி 1964இல் எழுதியதற்கு 2013இல் பரிசு. சோதனையில் உறுதியாகும் வரை காத்திருப்பது நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருஷம் கழித்து வரும் பரிசு அந்த ஆய்வுக்கு உதவியது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் எழுதியது: ஏற்கெனவே பேர் உள்ளவருக்கே மேலும் மேலும் பேர் சேர்கிறது; இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையில் பிரபலமானவர் பெயர்தான் நிற்கிறது. ஒரு பதக்கம் அடுத்த பதக்கத்துக்குச் சிபாரிசாகிவிடுகிறது. நீங்கள் கேள்வியில் சொன்ன "ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது" என்ற தோற்றம் இதிலிருந்துதான் வருகிறது. அதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன்.

ஆனால் அதே அங்கீகாரம் சரியான நேரத்தில் வந்தால் என்ன செய்யும் என்பதற்கு ராமானுஜன் இருக்கிறார். 1917இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோஷிப்புக்கு அவர் பெயர் தேறவில்லை. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாக்கியது, அதாவது உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 30, உடல்நிலை மோசமாக இருந்தது. அக்டோபரில் அதே டிரினிட்டி அவரை எடுத்துக்கொண்டது. கணிதம் அதே கணிதம்தான். அகாடமியின் முத்திரை விழுந்த பிறகு, கல்லூரிக் கதவை மூடி வைப்பது கஷ்டமாகிவிட்டது.

பணமே கொடுக்காமல் ஆராய்ச்சிக்குத் திசைகாட்டும் வேலை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதுதான் ஆலோசனை. அமெரிக்க தேசிய அகாடமி 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவில், லிங்கன் கையெழுத்தில் பிறந்தது. அரசு எந்தத் துறையில் கேட்டாலும் ஆராய்ந்து சொல்ல வேண்டும், அதற்கு ஊதியம் கிடையாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் செய்த வேலைகளில் ஒன்று, இரும்புக் கப்பல்களில் திசைகாட்டி தப்பாகக் காட்டுவதைச் சரிசெய்வது. இன்றைக்கு வானியலாளர்களுக்கு அந்த அகாடமியின் பத்தாண்டு ஆய்வறிக்கை மிக முக்கியம். அந்தத் துறையே உட்கார்ந்து, அடுத்த பத்தாண்டில் எந்தத் தொலைநோக்கி முதலில் வேண்டும், எது காத்திருக்கலாம் என்று தங்களுக்குள் சண்டை போட்டு வரிசைப்படுத்துவார்கள். 2001இல் வந்த அறிக்கை பெரிய திட்டங்களில் முதலிடம் கொடுத்த விண்வெளித் தொலைநோக்கிதான் பிற்பாடு ஜேம்ஸ் வெப் ஆனது. 2021 டிசம்பர் 25இல் ஏவினார்கள். நடுவில் செலவு ஏறி, அரசியல்வாதிகள் நிறுத்திவிடலாமா என்று யோசித்த காலமும் வந்தது. அப்போது ஆதரவாளர்கள் கையில் இருந்த வலுவான வாதங்களில் அந்த முதலிடமும் ஒன்று.

அதிகாரத்துக்கு எதிராக ஆய்வாளர் பக்கம் நிற்பதும் ஆதரவுதான். இங்கே வரலாறு சீராக இல்லை. 1933இல் ஐன்ஸ்டைன் பிரஷ்ய அகாடமியிலிருந்து விலகியபோது, அதற்காக வருந்தக் காரணம் இல்லை என்று அகாடமி அறிக்கை விட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பொதுச் சார்பியலைக் கொண்டுவந்து வைத்த அதே அவை. சோவியத் அகாடமியோ, நாட்டில் மரபியலை அழித்த வேளாண் விஞ்ஞானி லைசென்கோவுக்கு வெகுகாலம் வளைந்து கொடுத்தது. ஆனால் 1964இல் லைசென்கோவின் ஆள் ஒருவரை உறுப்பினராக்க முயன்றபோது இயற்பியலாளர் சாகரோவ் எழுந்து எதிர்த்துப் பேசினார். ரகசிய வாக்கெடுப்பில் லைசென்கோவின் ஆள் தோற்றார். 1980இல் சாகரோவையே மாஸ்கோவிலிருந்து அகற்றி, கார்க்கி நகரத்தில் கட்டாயமாகக் குடியிருக்க வைத்தார்கள். விருதுகளைப் பறித்தார்கள். அகாடமி உறுப்பினர் பதவி மட்டும் அவரிடமே இருந்தது. உறுப்பினரை நீக்குவதற்கும் வாக்கெடுப்பு தேவை, அது எப்படிப் போகும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

கடைசியாக, உங்களுக்கு என்ன என்பது. மூத்த ஃபெல்லோக்களின் பட்டியலைப் பார்க்காதீர்கள். உங்கள் நாட்டு அகாடமியின் இணையதளத்தில் இளம் விஞ்ஞானிக்கான பதக்கம், பயண உதவி, குறுகியகால ஆய்வு வருகை, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய நல்கை என்று நான்கையும் தேடிப் பாருங்கள். வயது வரம்பையும் பட்டம் பெற்ற தேதியிலிருந்து எண்ணும் ஆண்டுக் கணக்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தவற விடுவது அதைத்தான். குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி எடுத்தவர்களுக்குக் கணக்கைத் தளர்த்தும் திட்டங்களும் இருக்கின்றன, ராயல் சொசைட்டியின் டோரதி ஹாட்ஜ்கின் ஃபெல்லோஷிப் குழந்தை வளர்ப்பு, உடல்நிலை போன்ற காரணங்களால் நெகிழ்வான வேலை முறை தேவைப்படுகிறவர்களுக்காக அமைந்தது. ஜெர்மனியில் 2000 முதல் இளம் அகாடமி ஒன்று இருக்கிறது. 2010 முதல் உலகளாவிய இளம் அகாடமியும் இயங்குகிறது.

நிறைய விருதுகளுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, யாராவது பரிந்துரைக்க வேண்டும். வழிகாட்டி தானாக நினைத்துச் செய்வார் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் சிறந்த கட்டுரைகள் இரண்டையும், அவற்றில் உங்கள் பங்கு எது என்று அரைப்பக்கக் குறிப்பையும், கடைசித் தேதியையும் ஒரே மின்னஞ்சலில் போட்டு, இரண்டு மாதம் முன்னாலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள். அவருக்கு எழுத நேரம் இருக்கும். நல்ல பரிந்துரைக் கடிதம் அவசரத்தில் வராது.